மொழியாசிரியர் ஒருவரின் கடற்பயணம்

கி.பி. 1838ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சிறியதொரு மலாய் நூல் அச்சேறி வெளிவந்தது. ஜாவி எழுத்திலும் உரோம எழுத்திலும் அமைந்த அந்நூலில் அரசர்தம் பிறப்பும் சிறப்பும் இல்லை. விண்ணினின்று இறங்கிவந்த இளவரசர்களும் இல்லை. மொழி கற்பித்துப் பிழைத்துவந்த ஒருவர், சிங்கப்பூரில் படகேறிப் பகாங், திரங்கானு, கிளந்தான் ஆகிய நாடுகளைக் கண்டு மீண்ட செய்தியே அதன் பொருள். வீடுகளின் கீழ் குவிந்து கிடந்த குப்பையும், சந்தையில் வாணிகம் செய்த பெண்களும், பள்ளியில் அமர்ந்து ஓதிய பிள்ளைகளும் அந்நூலுள் இடம்பெற்றனர். எழுதியவர் தம் பெயரை மறைக்கவில்லை. அப்துல் காதிரின் மகன் அப்துல்லா என்னும் அவரை முன்சி அப்துல்லா என்று மலாய் இலக்கிய உலகம் வழங்கும்.

இதனைக் கேட்கும் இன்றைய மாணவர் வியப்படைய மாட்டார். வெளியூர் சென்று வந்தவர் பயணக் கட்டுரை எழுதுவது இக்காலத்தில் எளிய செயல். ஆனால் அப்துல்லா எழுதுகோல் எடுத்த காலத்தில் மலாய் உரைநடை என்பது பெரிதும் அரண்மனையைச் சார்ந்தே வாழ்ந்தது. செஜாரா மெலாயு, ஹிக்காயாட் ஹாங் துவா போன்ற பெருநூல்களிற் பயணங்கள் இல்லாமற் போகவில்லை. ஹாங் துவா கடல் கடந்து கலிங்க நாட்டிற்கும் சென்றுவருகிறான். எனினும் அவை அரசன் ஆணைமேற் சென்ற வீரனின் பயணங்கள்; கேட்போர் வாய்பிளக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டவை. படகில் வந்தவன் அஞ்சினான், கரையிறங்கியவன் மூக்கைப் பொத்திக்கொண்டான் என்றெல்லாம் எழுதுவது இலக்கியமாகும் என்று எவரும் எண்ணியதில்லை. அவ்வெண்ணத்தை மாற்றியவர் புலவர் மரபிலோ அரச மரபிலோ வந்தவரல்லர். வேற்று நாட்டினின்று வந்து குடியேறிய வணிகர் குடும்பத்துப் பிள்ளை.

அக்குடும்பத்தின் வரலாற்றை அப்துல்லா தம் தன்வரலாற்று நூலாகிய ஹிக்காயாட் அப்துல்லாவின் தொடக்கத்திலேயே கூறுகிறார். அவருடைய கொள்ளுப் பாட்டனார் ஏமன் நாட்டு அரபியர். சமயமும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியர். அவர் கீழ்த்திசை நோக்கிவந்து தமிழகத்து நாகூரில் தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்து, அங்கேயே மணம் செய்துகொண்டார். நான்கு மக்கள் பிறந்தனர். தந்தை மறைந்தபின் அந்நால்வரும் மலாய்த் தீவுகளை நோக்கிக் கலமேறினர். அவருள் முகமது இபுராகிம் என்பார் மலாக்காவில் இறங்கி, மீரா லெப்பை என்பாரின் மகளை மணந்தார். அம்மையாரின் பெயர் பெரி ஆச்சி. நாகூர்க் கடற்கரையின் வாடை அப்பெயரிலேயே வீசுகிறது. இவ்விருவரின் மகன் அப்துல் காதிர். அவருடைய மகன், 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியிற் பிறந்த அப்துல்லா. பிற்காலத்தில் அவரிடம் மலாய் மொழி பயின்ற நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன், அவருடைய தோற்றம் தென்னிந்தியத் தமிழரின் தோற்றமே என்றும், உடையும் மலாக்காத் தமிழர் உடுத்தும் முறையிலேயே இருந்தது என்றும் குறித்துள்ளார். மொழியினாலும் உள்ளத்தினாலும் மட்டுமே அவர் மலாய்க்காரர் என்பது தாம்சனின் கணிப்பு.

தமிழாசிரியர்கள் நின்று நோக்கத்தக்க செய்தி ஒன்று அப்துல்லாவின் இளமைப் பருவத்தில் உண்டு. பெரி ஆச்சி கம்போங் பாலியிற் குர்ஆன் ஓதுவிக்கும் ஆசிரியையாக விளங்கியவர். ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரிடம் பயின்றனர். பேரன் அப்துல்லாவும் அங்கேதான் எழுத்தறிந்தார். அதன்பின் தந்தையார் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் தமிழ் பயின்றார். மலாக்காவிற் செல்வர்தம் பிள்ளைகள் தமிழ் கற்பது பண்டுதொட்டு வந்த வழக்கம் என்று அவரே எழுதுகிறார். தமிழ் வணிகர்கள் அந்நகரிற் பெருகி வாழ்ந்தமையால், கணக்கு எழுதவும் அவர்களொடு பேசவும் அம்மொழி வேண்டியிருந்ததாம்.

இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816ஆம் ஆண்டு பினாங்கு இலவசப் பள்ளியில் ஏற்பட்ட தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடுவது நம்மிடையே மரபாகிவிட்டது. ஆங்கிலேயர் நிறுவிய பள்ளி என்ற அளவில் அக்கணக்குப் பொருந்தும். ஆனால் அப்துல்லா மலாக்காவில் தமிழ் பயின்றது அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பு; அப்போதே அது பழைய வழக்கமாக இருந்தது. தமிழ் பயின்ற அம்மாணவர்களுட் பலர் வீட்டில் மலாய் பேசியவர்கள் என்பதையும் மறத்தலாகாது. வயிற்றுப் பிழைப்புக்கு உதவும் மொழியாக, கடைத்தெருவின் கணக்குமொழியாகத் தமிழ் இந்நாட்டில் ஒருகாலத்தில் வாழ்ந்தது என்பதற்கு மலாய் எழுத்தாளர் ஒருவரின் வாக்குமூலமே சான்று. நம் பள்ளி வரலாறுகளை எழுதுவோர் இச்சான்றைப் பெரிதும் பயன்படுத்தாமை வியப்புக்குரியது.

அப்பள்ளிகளில் வழங்கிய தண்டனைகளையும் அப்துல்லா ஒன்றுவிடாமல் விரித்துரைக்கிறார். விரல்களுக்கிடையே பிரம்புத் துண்டுகளை வைத்து நெரிப்பது, உள்ளங்காலில் அடிப்பதற்காகக் கால்களை மரத்திற் பிணிப்பது, புகையில் நிறுத்துவது முதலியன அப்பட்டியலில் உள்ளன. இன்ன குற்றத்திற்கு இன்ன தண்டனை என்னும் முறையும் காட்டப்படுகிறது. சிறுபொருளையும் கூர்ந்து நோக்கி மறவாமற் குறிக்கும் அப்பழக்கமே பின்னர்ப் பயண எழுத்துக்குக் கைகொடுத்தது எனலாம்.

இளமையிலேயே அவர் ஆசிரியரானார். மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அவர் மலாய் கற்பித்தார். அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றார். ஆசிரியரைக் குறிக்கும் முன்சி என்னும் பட்டத்தை அவருக்குச் சூட்டியவர்கள் அந்தச் சிப்பாய்களே. சாவகப் படையெடுப்பிற்கு ஆயத்தம் செய்ய மலாக்கா வந்து தங்கிய ராபிள்சிடம் எழுத்துப்படி எடுக்கும் இளைஞராக இருந்தார். பின்னர்க் கிறித்துவச் சமயப் பணியாளர்களுக்கு மலாய் கற்பித்து, அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுத் தொழிலும் பயின்றார். விவிலிய மொழிபெயர்ப்புக்கு அவர் உதவியமையால் ஊரார் அவரை அப்துல்லா பாதிரி என்று ஏளனம் செய்ததும் உண்டு. அவரோ இறுதிவரை இசுலாத்தில் உறுதியாக நின்றவர்.

1819இல் சிங்கப்பூர் ஆங்கிலேயர் துறைமுகமாக உருப்பெற்றபின், மொழி தெரிந்தோர்க்கு அங்குப் பிழைப்பு இருந்தது. குடும்பம் மலாக்காவில் இருக்க, அப்துல்லா சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்குமாக அலைந்து வாழ்ந்தார். வணிகர்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்தல், புதிதாக வந்திறங்கிய ஆங்கிலேயர்க்கு மலாய் கற்பித்தல், சமயப் பணியாளர்தம் அச்சகத்திற்கு உதவுதல் ஆகியவையே அவருடைய வருவாய்க்கு வழி. அக்காலத்தில் எழுத்தினாலே பிழைத்த மலாய் எழுத்தாளர் எவருமிலர். நூல் வாங்கிப் படிக்கும் கூட்டமும் இல்லை. ஆயினும் அப்துல்லாவிடம் மூன்று பொருள்கள் ஒருங்கே வாய்த்திருந்தன. பல மொழிகள் தெரிந்த நாவும், அச்சகத்தோடு பழகிய கையும், எங்கும் முழுமையாக உரிமைகொண்டாட இயலாத ஒருவனுக்கே வாய்க்கும் கண்ணும் அவரிடம் இருந்தன. மலாய்க்காரரிடையே அவர் தமிழ் வழியினர். ஆங்கிலேயரிடையே கூலி பெறும் ஆசிரியர். சமயத் தோழரிடையே பாதிரியின் துணைவர். எந்த வட்டத்திலும் விளிம்பில் நின்றவர், அவ்வட்டத்தை மற்றவரினும் தெளிவாகக் கண்டார்.

எழுத்துப் பயிற்சியும் அவர்க்கு முன்பே அமைந்தது. 1830இல் சிங்கப்பூரில் எழுந்த தீயைப் பற்றிச் செய்யுள் நூலொன்று இயற்றினார். 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் மொழிபெயர்த்தார். தமிழறிந்த நண்பர் ஒருவர் அப்பணியில் அவருக்கு உதவினார். மலாக்காவிற் கணக்கெழுதுவதற்காகக் கற்ற தமிழ் இவ்வாறு கதையெழுதப் பயன்பட்டது. விலங்குகளின் வாயிலாக அரசர்க்கு அறம் உரைக்கும் அந்நூலை மொழிபெயர்த்த மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் விலங்குகளை விடுத்து நேராகவே அரசர்க்கு அறம் உரைக்கப் புகுந்தார். அதற்கு இடந்தந்தது கிளந்தான் பயணம்.

பயணத்தின் நோக்கம் வாணிகத்தைச் சார்ந்தது. கிளந்தானில் அரச குடும்பத்தாரிடையே உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. சிங்கப்பூர் வணிகர்தம் சரக்குகள் அங்குச் சிக்கிக்கொண்டன. அவற்றை மீட்கும் பொருட்டு ஆங்கில ஆட்சியினரின் கடிதங்களை எடுத்துச்செல்ல ஆட்கள் வேண்டியிருந்தது. கிராண்ட்பிரே என்பாரும், கோ ஆன் என்னும் சீன பாபா ஒருவரும் புறப்பட்டனர். அரசரோடு பேசவும் கடிதத்தைப் படித்துக் காட்டவும் மலாய்ப் புலமை வாய்ந்த ஒருவர் தேவைப்பட்டமையால் அப்துல்லா உடன் சென்றார். ஊர் காணும் ஆசையால் எழுந்த பயணம் அன்று அது. மொழிபெயர்ப்பாளராகக் கூலிக்குச் சென்ற இடத்தில் நூலாசிரியராகத் திரும்பினார் என்பதே உண்மை.

கீழைக் கடற்கரையில் அக்காலத்திற் கடற்கொள்ளையர் தொல்லை மிகுதி. கொள்ளையர் கலங்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் படகோட்டிகள் நடுங்கினர், அப்துல்லாவும் நடுங்கினார். அதை மறைக்காமல் எழுதினார். தன்னை வீரனாகக் காட்டிக்கொள்ளாத பயணி மலாய் உரைநடையில் அவரே முதல்வர் எனத் தயங்காமற் கூறலாம்.

பகாங்கில் இறங்கியதும் அவருடைய கண் வேலை செய்யத் தொடங்குகிறது. பொன்னும் ஈயமும் விளையும் நாட்டில் மக்கள் ஏன் வறுமையுற்றனர் என்று வினவுகிறார். ஆடவர் ஆயுதம் தாங்கித் திரிகின்றனரே அன்றி உழைப்பவர் சிலரே என்கிறார். அபினியால் மெலிந்தவர்களையும், வீட்டைச் சூழ்ந்த அழுக்கையும் எழுதுகிறார். இவ்வளவோடு நின்றிருந்தால் அந்நூல் வெறும் பழிப்புரையாக முடிந்திருக்கும். அவர் காரணம் கேட்கிறார். மக்களின் வாயாலேயே விடையைப் பெறுகிறார். பொருள் சேர்த்தால் அரசரும் அரசர் மக்களும் அதைக் கேட்பர், கொடுத்தது மீளாது, மறுத்தால் உயிருக்கே கேடு. அதனால் நல்ல வீடு கட்டவும், தோட்டம் பெருக்கவும் எவரும் துணிவதில்லை என்பதே அவர் அறிந்த விடை. சோம்பல் மக்களின் பிறவிக்குணம் அன்று, ஆட்சியின் கொடுமையால் விளைந்தது என்று 1838இலேயே ஒருவர் எழுதிவைத்தார். மலாய்க்காரர் இயல்பாகவே சோம்பேறிகள் என்று அதன்பின் பல்லாண்டுகள் எழுதிவந்த மேனாட்டார் பலர் அவருடைய நூலை மேற்கோள் காட்டியபோதும், இந்தப் பகுதியைப் படிக்காமலே தாண்டிச் சென்றனர் போலும்.

அரசர்க்கு மட்டுமே உரியவை என்று மற்றவர்க்கு விலக்கப்பட்ட உடை, நிறம், குடை ஆகியவற்றைப் பற்றிய தடைகளையும் அவர் குறித்துச் செல்கிறார். குப்பையையும் அழுக்கையும் தடை செய்யாத அரசு, குடையைத் தடை செய்வானேன் என்னும் ஏளனம் அவ்வரிகளிற் கேட்கிறது. கிளந்தானிற் போர்க்களத்தை அண்டியே அவர்கள் தங்க நேர்ந்தது. தென்னை மரங்களை வெட்டி அமைத்த அரண்களையும், துப்பாக்கிச் சூட்டையும், போரிடும் உறவினர்தம் சூழ்ச்சிகளையும் கண்டார். அங்குப் பெண்கள் சந்தையில் உழைக்க, ஆடவர் ஆயுதங்களோடு சுற்றிவந்ததையும் குறித்தார். இடையிடையே அவ்வூர் மக்கள் பாடிய பாந்துன்களைக் கேட்டு எழுதிக்கொள்ளவும், அவர்தம் பேச்சுவழக்கின் வேறுபாடுகளை உற்றுநோக்கவும் தவறவில்லை. குண்டு பறக்கும் இடத்திலும் பாடல் திரட்டும் மொழியாசிரியரை வேறெங்குக் காண்பது?

நூலில் நெஞ்சைத் தொடும் பகுதி திரங்கானுப் பள்ளியைப் பற்றியது. பிள்ளைகள் குர்ஆனை ஓதுகின்றனர். பொருள் தெரியாமலே ஓதுகின்றனர். திரங்கானு மக்களின் கையெழுத்து அழகை அவர் மனமாரப் போற்றுகிறார்; குர்ஆன் எழுதுவதில் அவர்களுக்கு நிகரில்லை என்பது அவர் கருத்து. ஆனால் தாய்மொழியாகிய மலாயை முறையாகக் கற்பிக்கும் பள்ளி அங்கு ஒன்றுமில்லை. வீட்டிற் பேசும் மொழிதானே, அதைக் கற்பானேன் என்று எல்லாரும் இருந்தனர். உலகத்து மக்களினங்கள் எல்லாம் தத்தம் மொழியைக் கற்றே உயர்ந்தன, மலாய் மக்கள் மட்டும் தம் மொழியைத் தாமே கைவிட்டனர் என்று அப்துல்லா மனம் வெதும்பினார். கற்காமலே தெரிந்த மொழியை ஏன் கற்க வேண்டும் என்னும் கேள்வியை இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் தமிழாசிரியர் எத்தனை பெற்றோரின் வாயிலாகக் கேட்டிருப்பர்! தமிழ் வழியில் வந்த ஒருவர், மலாய் மொழிக்காக, இன்றைக்கு ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அக்கேள்வியோடு மல்லாடினார். அவர் வாழ்ந்த சிங்கப்பூரிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1834இல் இலவசப் பள்ளி தோன்றியபோது தமிழ் வகுப்பும் அதில் இடம்பெற்றது. எனினும் அது நெடுநாள் நீடிக்கவில்லை.

அப்துல்லாவின் மீது குற்றம் சாட்டுவோரும் உண்டு. ஆங்கிலேயரின் சோற்றைத் தின்றவர், ஆகவே ஆங்கில ஆட்சியைப் புகழ்ந்து மலாய் அரசரை இகழ்ந்தார் என்பது அக்குற்றச்சாட்டு. நாட்டுணர்வு ஓங்கிய காலத்தில் அது கடுமையாகவே ஒலித்தது. இதனை முற்றாக மறுப்பது நேர்மையாகாது. பகாங்கின் அபினியைக் கண்டு கொதித்தவர், சிங்கப்பூர் அரசின் வருவாயிற் பெரும்பங்கு அபினிக் குத்தகையிலிருந்தே வந்தது என்பதை அதே கொதிப்போடு எழுதவில்லை. தமக்கு ஊதியம் அளித்தோரின் ஊரில் அவருடைய எழுதுகோல் சற்று மெல்லவே கீறியது. ஆங்கில ஆட்சியினர் அவருடைய நூல்களைப் பிற்காலத்தில் மலாய்ப் பள்ளிகளிற் பாடநூலாக்கியதும், உரைநடையின் தெளிவு கருதி மட்டும் அன்று. மலாய் அரசரின் குறைகளை மலாய் மொழியிலேயே கூறும் நூல் அவர்களுக்கு வசதியாக இருந்தது. தாம்சன் ஹிக்காயாட் அப்துல்லாவின் பகுதிகளை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட 1874ஆம் ஆண்டுதான், பங்கோர் உடன்படிக்கையின் வழியாகப் பேராக்கில் ஆங்கிலேயர் தலையிட்ட ஆண்டும் ஆகும்.

ஆயினும் அவரைக் கைக்கூலி என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவோர், அவர் எழுதியவற்றை முழுதும் படித்தவராகார். சிங்கப்பூர்த் துறையில் அடிமைகளைக் கொணர்ந்து விற்ற கொடுமையைத் தம் தன்வரலாற்றில் அவர் உருக்கமாக எழுதியிருக்கிறார். அந்நகரின் திருட்டையும் இரகசியக் கூட்டத்தாரின் அட்டூழியத்தையும் மறைக்கவில்லை. மேலும், பகாங்கிலும் கிளந்தானிலும் அவர் பரிந்து பேசியது ஆங்கில வணிகர்க்காக அன்று. சொந்த வீட்டை நல்ல மரத்தால் கட்ட அஞ்சிய குடிகளுக்காக. விருந்தினனாக வந்தவன் வீட்டுக்காரனின் குறையைச் சொல்லலாமா என்று கேட்பர் சிலர். மூன்று தலைமுறையாக இம்மண்ணில் வாழ்ந்து, இம்மண்ணின் மொழியைத் தம் மொழியாகக் கொண்டவரை விருந்தினன் என்று கூறுவது எவ்வகையிற் பொருந்தும்? அவருடைய சினம் வெளியாளின் இகழ்ச்சியன்று. வீட்டுப் பிள்ளையின் சினம். சில இடங்களில் அது அளவு கடந்தது என்பதும், அவர் சிங்கப்பூர் என்னும் ஒரே அளவுகோலால் எல்லா ஊரையும் அளந்தார் என்பதும் உண்மையே.

இந்தியாவில் நிகழ்ந்த மற்றொரு செய்தியும் இங்கே நினைவுகூரத் தக்கது. சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி என்பார் 1830-31ஆம் ஆண்டுகளிற் காசிக்குச் சென்று வந்து, தாம் கண்டவற்றைத் தெலுங்கில் எழுதினார். அவருடைய காசி யாத்திரை நூலும் 1838ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. கடலுக்கு இருபுறமும், ஒருவரையொருவர் அறியாத இரு மொழிபெயர்ப்பாளர், ஒரே ஆண்டில் தாய்மொழியிற் பயண நூல் தந்தனர். இரு மொழிகளுக்கிடையே நின்று பிறர் சொல்லைச் சுமந்து வாழ்ந்தவர்கள், ஒருநாள் தம் சொல்லையும் எழுதலாம் எனத் துணிந்தனர். அச்சுப்பொறி அவர்கள் அருகிலேயே இருந்தது.

கிளந்தான் நூல் அப்துல்லாவுக்கு மற்றொரு வாயிலையும் திறந்தது. சிங்கப்பூரிற் பணியாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளர் ஆல்பிரட் நார்த், அவருடைய எழுத்துத் திறனை அறிந்தவர். மலாய் மொழியில் அன்றாட வாழ்வைப் பற்றி எழுந்த நூல் எதையும் தாம் கண்டதில்லை என்று கூறி, அப்துல்லா தம் வாழ்க்கையையே நூலாக எழுத வேண்டும் என்று ஊக்கினார். அதன் விளைவே ஹிக்காயாட் அப்துல்லா. 1843இல் எழுதி முடிக்கப்பட்ட அந்நூல், 1849இற் கீஸ்பரியின் கல்லச்சில் வண்ண முகப்போடு வெளிவந்தது. பயண நூல் எழுதிப் பழகிய கண், தன் வாழ்க்கையையே ஒரு நெடும்பயணமாகக் கண்டது. ராபிள்சின் முகத்தோற்றமும், பார்க்குவார் வெடிவைத்துத் தகர்த்த மலாக்காக் கோட்டையும், சிங்கப்பூரின் முதல் குடிசைகளும் அதில் வாழ்கின்றன. ஆண்டுகளைக் குறிப்பதில் அவர் சில இடங்களிற் பிழைபட்டார் என்பது ஆய்வாளர் முடிவு. மொழியாசிரியரிடம் நாட்குறிப்பை எதிர்பார்ப்பதைவிட முகக்குறிப்பை எதிர்பார்ப்பதே தகும்.

அவருடைய இறுதிப் பயணம் 1854இல் தொடங்கியது. மனைவியை இழந்து, மூப்பு நெருங்கும் பருவத்தில், சிங்கப்பூரினின்று மக்காவுக்குக் கப்பலேறினார். வழியில் குமரிமுனையை அண்டிய கடலில் எழுந்த பேரலைகளை அவர் வருணித்திருப்பது, அவருடைய எழுத்திலேயே அச்சம் மிக்க பகுதி எனலாம். மலைபோல் எழுந்த அலைகளிற் கப்பல் சிக்கித் தவித்தது. பிழைப்போம் என்னும் நம்பிக்கையைக் கப்பலில் இருந்தோர் இழந்தனர். கொள்ளுப் பாட்டனார் மணம் செய்த நாகூரும் அந்த நாட்டுக் கரையிலேதான் இருக்கிறது. அதனை அவர் நினைந்தார் என்று கூறுவதற்குச் சான்றில்லை. அலையை மட்டுமே எழுதினார்.

கிளந்தானிற் குறைகண்டு சினந்த அதே எழுதுகோல், அரபு நாட்டை நெருங்க நெருங்க அமைதி பெற்றது. அங்காடியையும் உணவையும் உடையையும் அப்போதும் அவர் குறித்துச் சென்றார். மக்கா நகருள் நுழைந்தபோது உரைநடை போதாமற் செய்யுளுக்கு மாறினார். அவ்வாண்டிலேயே அவர் காலமானார். ஜித்தாவில் மறைந்தார் என்றே நெடுங்காலம் நூல்களில் எழுதப்பட்டு வந்தது. மக்காவிலேயே மறைந்தார் என்பது பின்வந்த ஆய்வாளர் முடிவு. அவர் எழுதிவைத்த பயணக் குறிப்புகள் அவரோடு அழியவில்லை. அவை சிங்கப்பூருக்கு மீண்டு வந்து, அவரிடம் மலாய் பயின்ற கீஸ்பரி நடத்திய செர்மின் மாத்தா என்னும் இதழில் 1858, 1859ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.